மார்கழிக் கடலுக்கு யார் காவல்?

கிழக்குக் கரையோரச் சுற்றுலாவைத் திட்டமிடுவோருக்கும், விளம்பரம் செய்வோருக்கும், அனுமதியும் நிதியும் வழங்குவோருக்கும்,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கடற்கரைகளுக்கு நீங்கள் ஒரு காலம் குறித்து வைத்திருக்கிறீர்கள். சித்திரை கழியத் தொடங்கி புரட்டாதியோடு முடியும் அந்தக் காலத்துக்குச் சீசன் என்று பெயர். உயிர்காப்பாளர் கடமை, எச்சரிக்கைக் கொடி, படகுக் கட்டுப்பாடு, குப்பை அள்ளல் எல்லாம் அந்த மாதங்களை ஒட்டியே அமைகின்றன. ஐப்பசி மழை இறங்கியதும் விடுதிகள் பல பூட்டப்படுகின்றன, உல்லாசப் படகுகள் கரையேறுகின்றன, கண்காணிப்பும் அவற்றோடு சேர்ந்து கலைந்துவிடுகிறது.

எங்கள் சனம் கடலுக்கு வரும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆண்டிறுதிப் பாடசாலை விடுமுறை, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல், அதற்கு மறுநாள் என்று வானும் பஸ்ஸும் நிறைய ஆட்கள் பாசிக்குடாவுக்கும் கல்குடாவுக்கும் கல்லடிக்கும் வந்து இறங்குகிறார்கள். மலையகத்திலிருந்து வருபவர்களில் பலருக்குக் கடல் அதுவே முதல் தடவை. அந்த நாட்களில்தான் கிழக்குக் கடல் ஆண்டிலேயே மிக மோசமாக இருக்கும். கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களுக்குக் காவல், கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு ஒன்றுமில்லை என்ற இந்த ஏற்பாட்டைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது.

காரணத்தை விளக்குகிறோம். திட்டங்கள் பெரும்பாலும் கரையை நிலமாக மட்டுமே பார்த்து வரையப்படுகின்றன. கடல் எப்போது எப்படி மாறும் என்பது அந்த வரைபடங்களில் இல்லை.

வைகாசியிலிருந்து கச்சான் காற்று தரையைக் கடந்து கடல்நோக்கி வீசும். பாசிக்குடா போன்ற இடங்களில் அது கரையோர அலையை அமுக்கிவிடுவதால் நீர் தட்டையாகக் கிடக்கும். கார்த்திகை முதல் மாசி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். வங்காள விரிகுடாவின் முழு நீளத்தையும் கடந்து வரும் அலை தடையின்றி நேரே கரையில் மோதும். அந்த அலை கரை மணலை அரித்து எடுத்து, சற்று வெளியே நீருக்கடியில் மணல் திட்டுகளாகப் போடும். கரைக்கு ஏறிய நீர் கடலுக்குத் திரும்ப வழி வேண்டும். திட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளே அந்த வழி. ஆளை இழுத்துச் செல்வது அங்கே ஓடும் நீரோட்டம்தான்.

அதைக் கரையிலிருந்தே இனங்காணலாம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருமையாக, அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கிய மணலும் அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும். கடலை அறியாதவர் அலை குறைந்த இடம் பாதுகாப்பானது என்று நம்பிப் பிள்ளைகளை அந்தப் பட்டைக்குள்தான் இறக்குகிறார். சாதாரண நாளில் அதன் வேகம் விநாடிக்கு ஓரிரு அடிதான். பெரிய அலை அடிக்கும் நாளில் விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டும். அதை எதிர்த்து நீந்திக் கரை சேர ஒலிம்பிக் வீரராலும் முடியாது. இழுபட்டவர் கரையை நோக்கி நீந்த நீந்தக் களைத்துத் தாழ்கிறார். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இழுவை தளர்ந்ததும் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தால் திரும்ப வேண்டும். நான்கு வரியில் எழுதிவிடக்கூடிய இந்த விளக்கம் தமிழில், படத்தோடு, ஒவ்வொரு கடற்கரை வாசலிலும் இருக்க வேண்டும். விடுதி விளம்பரத்துக்கும் செல்பி எடுக்கும் பெரிய எழுத்துகளுக்கும் இடம் கிடைத்த கரைகளில் இதற்கும் இடம் கிடைக்க வேண்டும்.

எல்லாக் கரைக்கும் ஒரே பலகை போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். உங்கள் விளம்பரங்கள் கிழக்குக் கரையை ஒரே நீலப் படமாகக் காட்டுகின்றன.

பாசிக்குடா பிறை வடிவக் குடா. வெளியே இருக்கும் முருகைக்கற் பாறை அலையை உடைத்துவிடுவதால் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடக்கலாம். அதை அடுத்த கல்குடாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஆழம் சீக்கிரம் கூடும், இழுவையும் கூட. ஆனால் வழிகாட்டிகளிலும் பலகைகளிலும் இரண்டும் ஒரே மூச்சில், ஆழமற்ற அமைதியான கடல் என்றே எழுதப்படுகின்றன. பாசிக்குடாவில் நெரிசல் என்று கண்டு, நடந்து போகும் தூரம்தானே என்று கல்குடாப் பக்கம் போய் இறங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாசிக்குடாவிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அது சீசனுக்குரியது. கச்சான் பலமாக அடிக்கும் பின்னேரங்களில் காற்றடைத்த ரியூப், மெத்தை, பந்து எல்லாம் கரையை விட்டு வெளியே தள்ளப்படும். அலை இல்லாததால் எவருக்கும் பயம் வருவதில்லை. பிள்ளை ரியூபில் மிதந்தபடி முருகைக்கல் விளிம்புவரை போன பிறகே பெற்றோர் கவனிக்கிறார்கள். எட்டிப் பிடிக்கப் போகும் தகப்பனுக்கு அந்த விளிம்பில் கால் எட்டாது. கச்சான் நாட்களில் கயிறு கட்டாத ரியூபை வாடகைக்குக் கொடுப்பதைத் தடை செய்தாலே போதும். செலவே இல்லாத ஏற்பாடு. கண்ணாடி அடிப் படகும் ஜெட்ஸ்கியும் குளிப்பவர்களுக்கு நடுவால் ஓடுவதற்கும் மிதவைக் கயிறு போட்டு ஒரு பாதை ஒதுக்க வேண்டும்.

அறுகம்பையின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே சீசன் என்றால் அலை வரும் காலம். தெற்கு இந்து சமுத்திரத்தில் தொலைவில் எழும் அலை முனையைச் சுற்றி வளைந்து வர, கச்சான் அதன் முகத்தைச் சீராக்கிக் கொடுக்கிறது. அலைச்சறுக்குக்காரர் உலகெங்குமிருந்து வைகாசி தொடங்கி வருவது அதற்காகத்தான். அதாவது பாசிக்குடாவில் கடல் அடங்கும் அதே மாதங்களில் அறுகம்பையின் முனையில் அலை உயர்கிறது. இரண்டுக்கும் சேர்த்து, போக உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் என்று அச்சிடும் கையேடு குளிக்கப் போகிறவரையும் சறுக்கப் போகிறவரையும் ஒரே நீருக்குள் அனுப்புகிறது. முனையில் அடியில் இருப்பது பாறை. விழுந்தவரின் பலகை அலையோடு வேகமாக வந்து குளிப்பவரின் தலையில் படலாம். சறுக்குவோர் எல்லையைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட கொடியாலும், காவலோடு குளிக்கும் எல்லையைச் சிவப்பு மஞ்சள் கொடியாலும் பிரிப்பது உலக வழக்கம். கொடியின் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் பக்கத்தில் எழுதாவிட்டால் எங்கள் மக்களுக்கு அது அலங்காரத் துணி மட்டுமே. பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் கதிர்காமம் நடக்கும் அடியார்களும் அந்தப் பக்கக் கடலில் இறங்குகிறார்கள் என்பதை உங்கள் கணக்கில் சேருங்கள்.

கல்லடியில் கரை செங்குத்து. அலை கரைக்கு மிக அருகே வந்து மொத்தமாக விழும். காலை வாரிவிட்டுத் திரும்பும் நீர் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். முழங்கால் நீரில் நிற்கும் வயதானவர்கள் விழுவது அப்படித்தான். அதற்கு வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். மழை வெள்ளத்தில் வாவி பெருகி, மணலால் அடைபட்ட முகத்துவாரம் வெட்டப்பட்டால், வாவித் தண்ணீர் முழுவதும் அந்த வாயால் கடலுக்குப் பாயும். மேலே பார்க்க அது அகலமான ஆறு போலத்தான் இருக்கும். வெட்டிய நாளிலிருந்து வாய் மீண்டும் மணலால் அடைபடும் வரை அதன் இரு கரையிலும் ஒருவரையும் இறங்க விடக்கூடாது. முகத்துவாரம் வெட்டும் முடிவை வெள்ளத்துக்குப் பொறுப்பானவர்கள் எடுக்கிறார்கள், கடற்கரைக்குப் பொறுப்பானவர்கள் வேறு. முன்னவர் பின்னவருக்கு அறிவித்து, அன்றே கயிறு கட்டிச் சிவப்புக் கொடி ஏற்றும் ஒழுங்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

அம்பாறைக் கரையின் நடுப்பகுதி சுற்றுலா வரைபடத்தில் வெறுமையாகவே விடப்படுகிறது. கல்முனை, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எங்கும் மாலையில் ஊரே கடற்கரையில் இருக்கும். திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருந்திரள் ஒரே நேரத்தில் கடலில் இறங்கும். ஒலுவில் துறைமுக அலைதடுப்பு வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் வரை கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடங்களில் கற்களின் ஓரத்தை ஒட்டி நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நிரந்தரமாகவே இருக்கும். கற்களில் பாசி வழுக்கும். பிள்ளைகள் விரும்பி ஏறி விளையாடும் இடமும் அதுவே. சுற்றுலா இடம் இல்லை என்ற காரணத்துக்காக அங்கே ஒரு பலகைகூட வைக்க மறுப்பது நியாயமா?

இனி, ஆள் மூழ்கும்போது நடப்பவை. பெரும்பாலும் இரண்டாவது ஆளும் போவது ஏன் என்றால், காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிப்பதால்தான். மூழ்குபவர் பிடித்து ஏறுவதற்கு ஏதாவது ஒன்று மிதந்தால் அவருடைய தோளைப் பிடிக்கமாட்டார். உயிர்காப்பு மிதவை வளையங்கள் வாங்கப்படுகின்றன, பிறகு களவு போகும் என்று அறைக்குள் வைத்துப் பூட்டப்படுகின்றன. எவரும் எடுத்துப் போகாத மாற்று ஒன்று எங்கள் வாடிகளில் எப்போதும் இருக்கிறது: மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் பிளாஸ்டிக் கான், அதன் கைபிடியில் 25 மீற்றர் நைலோன் கயிறு. எறியும்போது காற்றில் போகாமல் இருக்க உள்ளே ஒரு கோப்பையளவு தண்ணீர் விட வேண்டும். நீரில் மனித உடலின் எடை மிகக் குறைவு என்பதால் ஒருவரின் தலையை மேலே வைத்திருக்க அந்த ஒரு கான் போதும். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஒரு கம்பம் நட்டு இரண்டு கான் தொங்கவிடுங்கள். வெயிலில் நைலோன் உக்கும், ஆகவே ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசிக்கு முன் கயிற்றை மாற்ற வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகும் உயிர் போகிறது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் நேரத்தைத் தின்னும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது சுவாசப் பையில் இறங்கும். மூச்சு இல்லை என்றால் உடனே மல்லாத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், அதன்பின் 2 மூச்சு. அம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லத் தெரியாமல் திணறுவதுதான் அடுத்த தடங்கல். வெளியூர் ஆளுக்கு கடற்கரை எல்லாம் ஒன்றுபோல. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு இலக்கமிட்டு, கல்லடி 3, கல்குடா 2 என்று பெரிதாக எழுதி, அதே பட்டியலை அம்புலன்ஸ் சேவைக்கும் வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வைத்தியசாலைகளுக்கும் பொலிஸுக்கும் கொடுத்துவிட்டால் அந்தத் திணறல் தீரும்.

அம்புலன்ஸ் மணல்வரை வர வழி வேண்டும். விடுதிகளின் மதில்கள் நீண்டு, ஒழுங்கைகள் சங்கிலி போட்டு மறிக்கப்பட்டால் அந்தச் சங்கிலியின் திறப்பைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. அந்த வலயத்துக்குள் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே குறைந்தது 3.5 மீற்றர் அகலமான திறந்த பாதையை நிபந்தனையாகப் போட உங்களால் முடியும்.

உயிர்காப்பாளர்கள் பற்றி. இருப்பவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், அவர்களில் குறை இல்லை. ஒரு காவலிடத்தில் ஒருவரை மட்டும் நிறுத்துவதுதான் குறை. அவர் நீரில் இறங்கிய கணமே கரைக்குக் காவல் இல்லை, அம்புலன்ஸை அழைக்கவும் ஆள் இல்லை. ஒருவர் நீரில், ஒருவர் கரையில், ஒருவர் ஓய்வில் என மூவர் வேண்டும். நேரமும் பிழை. உள்ளூர்க் குடும்பங்கள் காலையில் கோயிலுக்குப் போய், மரநிழலில் சமைத்துச் சாப்பிட்டு, பின்னேரம்தான் நீரில் இறங்குவார்கள். சிலர் குடித்திருப்பார்கள். பஸ் புறப்படுமுன் கடைசியாக ஒரு முழுக்கு என்று எல்லோரும் ஒன்றாக இறங்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். அலுவலக நேரத்தோடு முடியும் கடமை அந்த நேரத்தைத் தவறவிடுகிறது. இரும்புக் கோபுரங்கள் உப்புக் காற்றில் சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் படி உடைகின்றன. மரத்திலோ கொங்கிரீற்றிலோ கட்டுங்கள். வாடைக் காற்று கொடித் துணியைச் சில வாரங்களிலேயே கிழித்துவிடும் என்பதால் மாற்றுக் கொடிகளும் கையில் இருக்க வேண்டும்.

ஆட்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கரைவலை இழுப்பவர்களிடம் போங்கள். தோணி, நீண்ட கயிறு, ஒரே குரலுக்கு ஓடிவரும் பத்துப் பதினைந்து பேர் என எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதை வலை போடும் முன்பே அவர்கள் பார்த்துவிடுவார்கள். மாரியில் வலை போட முடியாத நாட்கள் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள். உங்களுக்குக் காவல் தேவைப்படும் நாட்களும் அவையே. இந்த இரண்டையும் இணைக்க ஒரு கையெழுத்துப் போதும். சீசன் காலத்தில் வலை இழுக்கும் இடங்களான பாடுகளை அடையாளமிட்டு, அங்கே குளிப்பதையும் ஜெட்ஸ்கி ஓட்டுவதையும் தடுத்தால் கயிற்றில் சிக்கும் விபத்தும் குறையும், அவர்களுடைய தொழிலும் நிலைக்கும்.

பெண்களைப் பற்றி எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. எங்கள் பெண்கள் சேலையோடும் அபாயாவோடும் சல்வாரோடும்தான் கடலில் இறங்குகிறார்கள். நனைந்த துணி காலைச் சுற்றும். அலை விழுத்தினால் எழ முடியாது. அவர்கள் உடையை மாற்றச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. காவலிடத்தை ஒட்டி, ஆழம் குறைந்த பகுதியில் பெண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஒரு எல்லையை ஒதுக்கி, பெண் உயிர்காப்பாளர்களை நியமிக்கச் சொல்கிறோம். கூடவே கதவு பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, மலசலகூடம், நன்னீர்க் குழாய். ஒருவருக்கு 10 லீற்றர் என்று வைத்தால் 500 பேருக்கு 5,000 லீற்றர், அதாவது ஒரு தாங்கி. இது பெரிய திட்டமே அல்ல.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். ஒக்டோபர் 15 முதல் பெப்ரவரி இறுதி வரை பாசிக்குடா, கல்குடா, கல்லடி, அறுகம்பை நான்கிலும் காலை 8 மணி முதல் பொழுதுபடும் வரை, காவலிடத்துக்கு மூவர் வீதம் உயிர்காப்பாளர்கள் கடமையில் இருக்க வேண்டும். காவலிடத்தின் இரு பக்கமும் 100 மீற்றருக்கு மட்டும் குளிக்க அனுமதித்து, கடல் மோசமான நாளில் அதையும் சிவப்புக் கொடியால் மூட அவர்களுக்கே அதிகாரம் கொடுங்கள். கூட்டத்தைப் பார்த்து மேலிடம் அந்த முடிவை மாற்றக்கூடாது. கரைவலைத் தொழிலாளர்களுக்கும் மீனவக் குடும்பப் பெண்களுக்கும் உயிர்காப்புப் பயிற்சி கொடுத்து, மாரி மாதங்களுக்கு நாட்சம்பளத்தில் அமர்த்துங்கள். கடற்கரை வாகனத் தரிப்பிடங்களில் அறவிடும் பணத்தை முதலில் இதற்கே ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு கரைக்கும் அதனதன் ஆபத்தைச் சொல்லும் பலகையை, வாசல் இலக்கத்தோடு, வரும் ஐப்பசிக்கு முன் நாட்டுங்கள்; எழுதுமுன் அந்தந்த ஊர் மீனவர் சங்கத்திடம் காட்டிச் சரிபாருங்கள். நிந்தவூர் முதல் திருக்கோவில் வரையுள்ள கரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதவைக் கான் கம்பங்களை உடனே தொடங்கலாம். கயிறும் கானும் கிடைத்தால் நட்டுப் பராமரிக்க ஊர்ச் சங்கங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. மறிக்கப்பட்ட கடற்கரைப் பாதைகளின் பட்டியலைப் பிரதேச செயலகங்களில் ஒட்டி, எது எந்தத் திகதியில் திறக்கப்படும் என்று எழுதுங்கள். பாசிக்குடாவையும் கல்குடாவையும் ஒரே கடலாகக் காட்டும் விளம்பரங்களைத் திருத்துங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்பதைத் தமிழில், எழுத்தில், ஆவணி முடிவதற்குள் அறிவியுங்கள். பதிலைக் கரையோரப் பிரதேச சபை ஒவ்வொன்றின் அறிவித்தல் பலகையிலும் நாங்கள் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் கடலோடு வாழ்வோர்